ஸ்டீயரிங் பாக்ஸின் திருகை விட்டுவிடுங்கள்

தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின் இதே குறையோடு என் பட்டறைக்கு வந்த நான்காவது ஜீப் இது என்பதால்தான், கையிலிருந்த வேலையைப் பாதியில் வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். கம்பம்மெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் ஆள் ஏற்றிச் செல்லும் பழைய வண்டி அது. மாலையில் பதினொரு பெண்களோடு மலையிறங்கி வரும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் ஒடித்த ஸ்டீயரிங் நேருக்குத் திரும்பவில்லை. ஓட்டுநர் இரண்டு கைகளாலும் இழுத்துத் திருப்புவதற்குள் முன்சக்கரம் தாரைவிட்டு இறங்கி, ஓரத்துத் தடுப்புக்கல்லில் உரசி நின்றிருக்கிறது. யாருக்கும் காயமில்லை. மறுநாள் விடிவதற்கு முன்பே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "அண்ணே, ஸ்டீயரிங்ல இன்னும் ஆட்டம் இருக்கு. பாக்ஸை இன்னொரு சுத்து இறுக்கி விட்டுருங்க, ஏழு மணிக்கு ஆள் ஏத்தணும்."

பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பாக்ஸ் என்பது ஸ்டீயரிங் தண்டின் அடியில், கையின் திருப்பலைச் சக்கரங்களுக்கு அனுப்பும் கியர்ப்பெட்டி. அதன் ஆட்டத்தைக் குறைப்பதற்காகப் பக்கமூடியில் இருக்கும் திருகின் தலையில், ஸ்குரூடிரைவர் உட்காரும் பள்ளம் இரண்டு பக்கமும் பிய்ந்து, புது உலோகம் பளபளவென்று தெரிந்தது. திருகு நகராமல் பிடிக்கும் லாக் நட்டின் முனைகள் ஸ்பானர் வழுக்கி வழுக்கி உருண்டைகட்டிப் போயிருந்தன. ஒருவர் கைவரிசை அன்று அது. மூன்று பேராவது முறை வைத்துக்கொண்டு இறுக்கியிருக்கிறார்கள்.

கம்பத்திலும் போடியிலும் உத்தமபாளையத்திலும் இடுக்கிப் பக்கம் கட்டப்பனை, நெடுங்கண்டம், வண்டன்மேடு வரையிலும் இன்றைக்கும் வில்லிஸ் வடிவத்துப் பழைய ஜீப்புகள்தான் தோட்ட வேலையைத் தாங்குகின்றன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிப் போவதும் ஜீப்புகளே. அவற்றைப் பழம்பொருள் என்று ஆசையோடு வாங்கி, வர்ணமடித்து வைத்துக்கொள்பவர்களும் இப்போது பெருகியிருக்கிறார்கள். உழைக்கிற வண்டியானாலும் அழகுக்கு நிற்கிற வண்டியானாலும், ஸ்டீயரிங்கில் ஆட்டம், அதாவது சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் அசைவது, என்றவுடன் எல்லோருடைய கையும் போவது அந்த ஒரே திருகுக்குத்தான். ஆட்டம் கையில் தெரிகிறது, கைக்கு அருகில் இருப்பது பாக்ஸ், ஆகவே குறை பாக்ஸில்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பல்வலிக்காரன் கன்னத்தில் பத்துப் போடுவதைப் போன்ற வைத்தியம் இது.

பாக்ஸிலிருந்து சக்கரம்வரை என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். பாக்ஸுக்கு அடியில் பிட்மேன் ஆர்ம் என்னும் கரம். அதிலிருந்து டிராக் லிங்க் என்னும் தண்டு. அதன் இரண்டு முனைகளிலும் இரண்டு பந்து மூட்டுகள். டிராக் லிங்க் போய்ச் சேர்வது முன்புறம் நடுவில் இருந்து திரும்பும் நெம்புகோலான பெல் கிராங்க்; அதற்கு நடு ஆணியாக ஒரு பின்னும் அதைச் சுற்றிப் பேரிங்கோ புஷ்ஷோ உண்டு. பெல் கிராங்கிலிருந்து இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றுமாக சக்கரங்களைத் திருப்பும் இரண்டு டை ராடுகள். அவற்றுக்கு நான்கு பந்து மூட்டுகள். ஆக, பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மட்டும் தேயக்கூடிய இடங்கள் ஏழு. இவை போக, முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங்குகள், வீல் பேரிங்குகள், பட்டா (தகட்டு ஸ்பிரிங்) புஷ்கள், பாக்ஸைச் சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) பிடித்திருக்கும் போல்ட்டுகள். இந்த ஏழு மூட்டுகளும் வண்டிக்கு அடியில் சேற்றிலும் கல்லிலும் கிடக்கின்றன. பாக்ஸோ மூடிய கூட்டுக்குள் ஆயிலில் இருக்கிறது. முதலில் எது தேயும் என்பதைச் சொல்ல மெக்கானிக் வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வகைப் பாக்ஸில் ஸ்டீயரிங் ஏறக்குறைய 12 பங்கு திரும்பினால்தான் பிட்மேன் ஆர்ம் 1 பங்கு திரும்பும். பாரம் தெரியாமல் ஒடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதே கணக்குத் தேய்மானத்துக்கும் பொருந்தும். கீழே ஒரு டிகிரி ஆட்டம் விழுந்தால் மேலே ஸ்டீயரிங்கில் அது ஏறக்குறைய 12 டிகிரியாகத் தெரியும். 43 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் அது நாலரை சென்டிமீட்டர். கீழே கண்ணுக்கே தெரியாத தேய்மானம் மேலே மூன்று விரல்கடை ஆட்டமாகக் கைக்கு வருவது இப்படித்தான். ஆட்டம் பெரிதாகத் தெரிகிறதே, சின்ன மூட்டா காரணம் என்று என்னிடம் வாதாடுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, இறுக்கினால் என்ன கெட்டுவிடும் என்கிறீர்கள். அந்தப் பாக்ஸுக்குள் திருகுவடிவில் வரிப்பள்ளம் வெட்டிய ஒரு தண்டும், அந்தப் பள்ளத்துக்குள் நுனி கூம்பிய முளைகளை நுழைத்துக்கொண்டு நகரும் ஒரு லீவரும் இருக்கின்றன. வெளியில் தெரியும் திருகு, அந்த முளைகளைப் பள்ளத்துக்குள் அழுத்துகிறது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், பள்ளத்தின் நடுப்பகுதிதான் அதிகம் தேய்கிறது. ஓரங்கள் அவ்வளவு தேய்வதில்லை. நடுவில் இருக்கும் ஆட்டம் போகும்வரை திருகை முறுக்கினால், ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது முளைகள் தேயாத பகுதிக்குப் போய் இறுகிக்கொள்ளும். நேர்ச்சாலையில் சுகமாக இருக்கிறது என்று ஓட்டுநர் மகிழ்வார். வளைவில் ஒடித்தது ஒடித்தபடியே நிற்கும். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது முன்சக்கரங்கள் திரும்பும் அச்சின் சாய்வு தரும் உதவி. பாக்ஸுக்குள் முளை சிக்கிக்கொண்டால் அந்த உதவி கைக்கு வந்து சேராது. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறுகிறவருக்கும், லோயர் கேம்பிலிருந்து குமுளி ஏறுகிறவருக்கும், போடிமெட்டில் அடுத்தடுத்து ஒடித்துத் திருப்புகிறவருக்கும் இது என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டுமா? ஆட்டமுள்ள ஸ்டீயரிங்கைவிட இறுகிய ஸ்டீயரிங் மலையில் ஆபத்தானது. ஆட்டம் முன்கூட்டியே கையில் தெரியும். இறுக்கம் அந்த வளைவில்தான் தெரியும்.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், இரண்டு பேர் போதும். வண்டி சமதளத்தில், சக்கரங்கள் நேராக, பாரம் தரையிலேயே இருக்க வேண்டும். இதற்கு ஜாக்கி வைக்கக் கூடாது, பாரம் இல்லாவிட்டால் பாதி ஆட்டம் ஒளிந்துகொள்ளும். ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக, சக்கரம் திரும்பாத அளவுக்கு மட்டும், நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டையும் கையால் பிடிக்க வேண்டும். கண்ணை நம்ப வேண்டாம், கிரீஸும் சேறும் அப்பிக்கிடக்கும் மூட்டில் கண் ஏமாறும். கட்டைவிரலை ஒரு பக்கத்திலும் ஆட்காட்டி விரலை மறுபக்கத்திலும், இரண்டு பாகங்களும் சேரும் கோட்டின்மேல் வைத்தால், ஒன்று நகர்ந்து மற்றது தாமதிப்பது விரலுக்கு உடனே தெரியும். சக்கரத்தின் பக்கம் தொடங்கிப் பாக்ஸை நோக்கி வாருங்கள். அவசரக்காரர்கள் பாக்ஸிலிருந்து தொடங்கி, பாக்ஸிலேயே முடித்துவிடுகிறார்கள்.

பெல் கிராங்கைப் பிடிக்கும்போது, அது திரும்புகிறதா என்பதைவிட மேலும் கீழும் ஆடுகிறதா என்று பாருங்கள். என் பட்டறைக்கு வரும் பெல் கிராங்க் வண்டிகளில், முதல் குற்றவாளி பெரும்பாலும் அதன் நடு ஆணியான பின்தான். கிரீஸ் நிப்பிள் சேற்றில் மூடிக்கொண்டதும் அப்படி ஒன்று அங்கே இருப்பதையே மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது கிங் பின். இந்த ஜீப்புகளின் முன்சக்கர மூட்டு ஓர் உருண்டைக் கூட்டுக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து சேறு நுழையாமல் ஒரு சீல் காக்கிறது. தோட்டத்துக்குள் ஓடையைக் கடந்து கடந்து அந்த சீல் கிழிந்தபின், மழைக்காலம் முழுவதும் தண்ணீர் உள்ளே போகிறது, பேரிங் துருப்பிடிக்கிறது. நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் முன்சக்கரங்கள் டான்ஸ் ஆடுகின்றன என்று சொல்லி வருகிற வண்டிகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். இப்போது ஜாக்கி வையுங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆடினால், ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். கிங் பின் பேரிங்கின் இறுக்கத்தை ஷிம் (மெல்லிய தகடு) போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். சீலைக் கழற்றிவிட்டு, டை ராட் மாட்டும் ஆர்மில் ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்தால், சுமார் 2 முதல் 3 கிலோ இழுவையில் அது நகர வேண்டும். தராசு இல்லாமல் "கை சொல்லுது" என்று முடிக்கிறவர்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இங்கே அச்சேறாது.

டான்ஸை நிறுத்த, அதிர்வைத் தணிக்கும் டாம்பர் மாட்டுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. டாம்பர் கெட்ட பொருள் இல்லை. தேய்ந்த பேரிங்கை மறைக்க அதை மாட்டுவதுதான் தவறு. டாம்பர் ஓய்கிற அன்றைக்குப் பழைய நோய் இரட்டிப்பாகத் திரும்பி வரும்.

பட்டாவின் யூ போல்ட், ஷேக்கிள் புஷ், காற்றழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், பார்த்துவிடுங்கள். பாக்ஸைப் பிடித்திருக்கும் சேஸிஸை மட்டும் நிதானமாகப் பாருங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை ஆட்டும்போது பாக்ஸே நகர்ந்தால், போல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது சேஸிஸில் கீறல் விழுந்திருக்கிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தால்தான் கீறல் தெரியும். புது வர்ணத்துக்கு அடியில் அது நிம்மதியாக உறங்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்து அப்போதும் ஆட்டம் மிஞ்சினால், பாக்ஸுக்கு வாருங்கள். டிராக் லிங்கைக் கழற்றுங்கள். பிட்மேன் ஆர்மைக் கழற்ற வேண்டியிருந்தால், இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் போடுங்கள். சுத்தியலால் அடித்தால் அந்த அடி உள்ளேயுள்ள முளைகளுக்குத்தான் போகும். தண்டு மேலும் கீழும் நகர்ந்தால் அதை முதலில் மேல்மூடியின் ஷிம்மில் தீர்க்க வேண்டும். அதன் பிறகே திருகு. சக்கரம் நேராக இருக்கும்போது பாக்ஸ் எந்த இடத்தில் நிற்குமோ, அந்த நடுவிடத்தில் மட்டும் லேசான ஒரு பிடிப்பு விரலுக்குத் தெரியும்வரை திருகி, லாக் நட்டைப் போட்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பிப் பாருங்கள். எங்காவது இறுகினால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று பொருள். தண்டையும் லீவரையும் மாற்றியாக வேண்டும், திருகில் அதற்குத் தீர்வு கிடையாது. ஆயில் ஒழுகுகிறது என்று பாக்ஸுக்குள் கிரீஸை அடைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: முளை ஒதுக்கித் தள்ளிய கிரீஸ் பள்ளத்துக்குத் திரும்பி வராது. சீலை மாற்றி, கியர் ஆயிலையே ஊற்றுங்கள்.

தயவுசெய்து பந்து மூட்டுக்கு வெல்டிங் வைக்காதீர்கள். லேத்தில் உருட்டிய பந்தைப் போடாதீர்கள். நட் கழன்றுவிடாமல் காக்கும் காட்டர் பின் இருக்க வேண்டிய துளையில் கட்டுக்கம்பியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை வளைத்த ஆணி இருந்தது. இரண்டு தேநீர்க் காசு பெறாத பொருள் அது. மூட்டுகளை மாற்றியபின் முன்சக்கரங்களின் டோ-இன் அளவைப் பார்க்காமல் வண்டியை எடுக்கவும் கூடாது. இரண்டு முன்சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் முன்புறம் பின்புறத்தைவிட 1 முதல் 2 மில்லிமீட்டர் குறுகியிருந்தால் போதும்.

நான் சொன்ன ஜீப்பில் பெல் கிராங்க் பின் ஒரு பக்கமாக நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. வலப்பக்க டை ராடின் வெளிமுனை கையால் தூக்கினாலே ஆடியது. இரண்டையும் மாற்றிவிட்டு, பாக்ஸின் திருகை ஒன்றேகால் சுற்றுத் தளர்த்தினேன். தளர்த்துவதைப் பார்த்த ஓட்டுநரின் முகம் வெளிறிவிட்டது. ஸ்டீயரிங்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தவர், இரண்டு விரல்கடைக்குள் ஆட்டம் நின்றதை நம்பாமல், இறங்கி வந்து மறுபடியும் திருகைப் பார்த்தார். அன்று ஆள் ஏற்றக் கூட்டாளியின் வண்டி போயிற்று. ஒரு நாள் வாடகை நட்டம்தான், மறுக்கவில்லை.

தோட்டத்துக்கு வண்டி விடுபவர்களிடம் நான் கேட்பது ஓர் அரைநாள். அதிகாலை ஐந்தரைக்கு வந்து ஏழு மணிக்குள் கேட்காதீர்கள். ஆள் ஏற்றாத நாளாகப் பார்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு ஓட்டி வாருங்கள். ஸ்டீயரிங்கை ஆட்டிக் கொடுக்கக் கூடவே ஓர் ஆளையும் அழைத்து வாருங்கள். என் உதவிப் பையன் ஐந்து நிமிடத்தில் கை வலிக்கிறது என்று நிறுத்திவிடுகிறான்.