கொசுத்தேனீப் பிசின் அடைப்பைக் கரைக்காது

இதய ரத்தக்குழாயின் அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழாயை வைத்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரல் மாத்திரையை நிறுத்திவிட்டு, சிலர் கொசுத்தேனீப் பிசினை வெந்நீரில் கரைத்துக் குடிக்கிறார்கள். கேட்டால், ‘இது இயற்கை, அடைப்பையே கரைச்சிடுமாம்’ என்று பதில் வருகிறது. எத்தனை பேருக்குத்தான் தனித்தனியாகச் சொல்வது?

பிசினில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. கொடுக்கில்லாத இந்தத் தேனீ மரப்பிசினை மெழுகோடு குழைத்துத்தான் கூடு கட்டுகிறது. அதில் பாலிபீனால்கள் என்னும் தாவர வேதிப்பொருள்கள் உண்டு. ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் நல்ல பலன்கள் தெரிந்திருக்கின்றன. ஆனால் கூடு இருக்கும் தோப்பைப் பொறுத்துச் சரக்கே மாறிவிடும். தாய்லாந்தில் மங்குஸ்தான் மரத்துப் பிசின் எடுத்த கூட்டில் இருப்பது நம்மூர்ச் சுவர் விரிசலில் கட்டிய கூட்டில் இருக்காது. மனிதர்களிடம் நடந்த சிறு ஆய்வுகளில் பெரும்பாலானவை கொட்டும் தேனீயின் பிசினை வைத்து நடந்தவை. அவற்றிலும் ரத்த அழுத்தமும் கொழுப்பும்தான் அளக்கப்பட்டன. மாரடைப்பு குறைந்ததாக எதுவும் காட்டவில்லை.

இந்தக் ‘கரைக்கும்’ கதைக்கு வருவோம். அடைப்பு என்பது தண்ணீர்க் குழாயில் படிந்த பாசி அல்ல. கொழுப்பு ரத்தக்குழாயின் சுவருக்கு உள்ளே, ஒரு மெல்லிய உறைக்கு அடியில் சேர்கிறது. அந்த உறை கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. பாதி அடைப்பு இருப்பவருக்கும் திடீரென்று வருவது இதனால்தான். ஸ்டாட்டின் மாத்திரை கெட்ட கொழுப்பைக் குறைத்து அந்த உறையைப் பலப்படுத்துகிறது. நீங்கள் விழுங்கும் பிசினோ குடலையும் கல்லீரலையும் தாண்டி ரத்தத்துக்கு வரும்போது, உருமாறி மிகச் சொற்பமாகத்தான் மிஞ்சும். ஆய்வகத் தட்டில் இருக்கும் செல்லின்மேல் நேராக ஊற்றிப் பார்த்த பலனை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஸ்டென்ட் கம்பிமேல் தோல் படரும்வரை அங்கே ரத்தம் உறையாமல் காப்பது ஆஸ்பிரின், குளோபிடோகிரல் என்ற இரண்டு மாத்திரைகள்தான். மாரடைப்புக்குப் பிறகு பொதுவாக 12 மாதம் இரண்டையும் எடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும்.

செயற்கை இதய வால்வுக்காக வார்ஃபரின் என்னும் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர்கள் பிசினைத் தொடாதீர்கள். ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பாருங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரலோடு சேர்ந்தாலும் ரத்தக்கசிவு கூடலாம். ஈறில் ரத்தம், கறுத்த மலம் என்றால் காத்திருக்க வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு 2 வாரம் முன்பே பிசினை நிறுத்துங்கள் (மாத்திரையை அல்ல! அதை மருத்துவர் முடிவு செய்வார்). தேனீ ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருந்தால் வேண்டவே வேண்டாம். சொட்டுமருந்தாக விற்பதில் பலவும் ஆல்கஹாலில் ஊறவைத்தவை. வீட்டில் தயாரிக்கிறேன் என்று பெயின்ட் கடை ஸ்பிரிட்டை ஊற்றிவிடாதீர்கள், அதில் மெத்தனால் இருக்கும், கண் போய்விடும். சாலையோரக் கூட்டிலும் பெயின்ட் அடித்த பெட்டியிலும் சுரண்டிய பிசினில் ஈயம் கலந்திருக்கலாம். தேனில் குழைத்துத் தின்னும் சர்க்கரை நோயாளிகளே, அது தேன்தான், சர்க்கரை ஏறும்.

நெஞ்சை அழுத்தி, இடது கையோ தாடையோ வலித்து, வியர்த்துக் கொட்டினால் பிசின் டப்பாவைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள்.

குடித்தே தீருவேன் என்பவர்களிடம் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: மறைக்காதீர்கள். திட்டுவார்கள் என்று பயந்து வீட்டிலேயே வைத்துவிட்டு வராமல், அடுத்த முறை வரும்போது மாத்திரைச் சீட்டோடு அந்தப் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.