கச்சான் காற்றும் கருமரக் குழலும்

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டுப் பின்கதவு சாத்தாது. தாத்தா காலத்து முதிரைப் பலகைக் கதவு. தோளால் முட்டினால்தான் நிலைக்குள் போகும். வைகாசி பிறந்து கச்சான் என்னும் வறண்ட காற்று வீசத் தொடங்கியதும் அதே கதவு இளகி, இரவெல்லாம் தடதடவென்று அடித்துக்கொள்ளும். திருகோணமலையில் பழைய மரக்கதவு வைத்திருக்கும் எந்த வீட்டாருக்கும் இது புதிதல்ல. ஒரு கிளாரினெட் வாங்கப் போய் இந்தக் கதவைப் பற்றி இவ்வளவு யோசிப்பேன் என்றுதான் நான் நினைக்கவில்லை.

அக்காவின் மகள் பாடசாலை வாத்தியக் குழுவில் நான்கு ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் கிளாரினெட் ஊதுகிறாள். "மாமா, இனி மரத்தில் ஒன்று வாங்கலாம் என்று மிஸ் சொல்கிறார்" என்று வந்து நின்றாள். மரத்தால் ஆன இடைநிலை வாத்தியம் என்றால், பாவித்த மோட்டார் சைக்கிள் ஒன்றுக்குக் கொடுக்கும் பணம் வேண்டும். மரம் என்றால் நாதம் இனிக்கும் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு அது மட்டும் போதவில்லை. மரத்தில் எது இனிக்கிறது?

கிளாரினெட்டுக்கும் மேற்கத்தியப் புல்லாங்குழலுக்கும் நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான், 66 செ.மீ. சொச்சம். ஆனால் கிளாரினெட் அதைவிட ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். காரணம், புல்லாங்குழல் இரு முனையும் திறந்த குழாய். கிளாரினெட்டிலோ ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் தகடு) பொருந்திய முனை, ஒலியைப் பொறுத்தவரை மூடிய முனை. அங்கே காற்றின் அழுத்தம் உச்சத்தில் ஏறி இறங்கும். மறுமுனையில் அது வெளிக்காற்றோடு சமமாகிவிடும். ஆகவே குழலுக்குள் அலையின் கால் பங்குதான் அடங்குகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண பி-ஃபிளாட் கிளாரினெட்டின் ஆகக் கீழான சுரம் 147 ஹெர்ட்ஸ். ஒலியின் வேகம் நொடிக்கு 347 மீட்டர் என்றால் அலையின் நீளம் 2.36 மீட்டர்; அதில் கால் பங்கு 59 செ.மீ. குழலின் நீளத்தோடு அது ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

ஒரு முனை மூடிய உருளைக்குழாயில் இன்னொரு விசித்திரம் உண்டு. அடிப்படை அதிர்வெண்ணின் 3, 5, 7 மடங்குகள் பலமாக ஒலிக்கும். இரட்டை மடங்குகள், கீழ்ச் சுரங்களில் முக்கியமாக, மெலிந்துபோகும். கிளாரினெட்டின் அந்தக் குகைக்குள் இருந்து வருவது போன்ற கீழ்க்குரல் இதனால்தான். கோணேசர் கோயிலில் கேட்கும் நாதஸ்வரத்தின் துளை கூம்பு வடிவில் விரிந்து செல்வது. அதில் ஊதலை இறுக்கினால் சுரம் 2 மடங்காகி மேல் ஸ்தாயிக்குப் போகும். கிளாரினெட்டிலோ நேரே 3 மடங்குக்குத் தாவும்: ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும். இந்தத் தாவலை நடத்துவது இடது கட்டைவிரலுக்கு மேலே உள்ள ஒரு சிறு விசை. அது திறக்கும் துளை ஒரு குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரியது. ஆனால் கிளாரினெட் செய்பவரின் தலைவலி முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

ஏனென்றால், 3 மடங்கு சுரம் சுத்தமாகப் பிறக்க, அந்தத் துளை ஒலிக்கும் காற்றுத் தம்பத்தின் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் இருக்க வேண்டும். தம்பம் 59 செ.மீ. என்றால் ஊதுமுனையிலிருந்து ஏறத்தாழ 20 செ.மீ.; துளைகளைத் திறந்து தம்பம் 30 ஆகக் குறைந்தால் 10. இருப்பதோ ஒரே துளை. ஆகவே நடுவில் எங்கோ சமரசமாக வைக்கிறார்கள். போதாததற்கு, கீழ்ச் சுர வரிசையின் உச்சியில் பி-ஃபிளாட் என்று எழுதப்படும் சுரமும் அதே துளையைத்தான் நம்பியிருக்கிறது. அதற்கு அந்தத் துளை மிகச் சிறியது. அதனால் அது மூக்கடைத்தவர் பேசுவது போல ஒலிக்கும். நல்ல வாத்தியத்திலும் அடைப்பு முற்றாகப் போகாது. மோசமான வாத்தியத்தில் சளியே பிடித்துவிடும்.

இந்தச் சமரசத்தைச் சரிக்கட்டவே உள்துளையை அங்கங்கே மில்லிமீட்டரின் சிறு பின்னங்களால் அகட்டியும் ஒடுக்கியும் கடைகிறார்கள். விரல் துளைகளின் உள்விளிம்பைக் கவிழ்த்த புனல் போலக் குடைந்தும் விடுகிறார்கள். இடைநிலை வாத்தியத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் இந்த வேலைக்குத்தான். குழற்சுவரின் மரத்துக்கு அல்ல. அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் 1971இல் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் ஒரே உள்ளளவில் புல்லாங்குழல்கள் செய்து சோதித்தார். திரைக்குப் பின்னால் இருந்து கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. கையில் உள்ளது எதுவென்று தெரியாமல் ஊதியவர்களாலும் முடியவில்லை. பாடுவது காற்று, தடித்த சுவர் அதற்கு அச்சு மட்டுமே.

அப்படியானால் பிளாஸ்டிக்கே போதாதா? கொள்கையளவில் போதும். ஆனால் தொழிலகங்கள் தங்கள் சிறந்த கடைசல் வேலையைப் பிளாஸ்டிக்கில் செய்வது குறைவு. கிளாரினெட் மரமும் லேசுப்பட்டதல்ல. தன்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் விளையும் அதைக் கிரெனடில்லா என்பார்கள், சுவாஹிலியில் ம்பிங்கோ. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்கு அடர்த்தி. உலோகம் போலக் கடையலாம், விளிம்பு பிசிராது. கறுப்பாக இருப்பதால் நம்மவர்கள் இதைக் கருங்காலி என்பார்கள். கருங்காலி நம் உலர்வலயக் காடுகளின் மரம். இது வேறு இனம், நூக்க மரத்துக்கு நெருங்கிய சொந்தம். 2017 முதல் இந்த இனத்தின் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கிடைத்தது.

இனிக் கதவுக்கு வருகிறேன். மரம் ஈரம் குடித்தால் நெடுக்கில் அநேகமாக நீளாது, குறுக்கில்தான் வீங்கும். குறுக்கிலும் சமமாக அல்ல: ஆண்டு வளையங்களின் ஓட்டத்தில் வீங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கி வீங்குவதைப் போலப் பெரும்பாலும் 2 மடங்கு. கிளாரினெட்டை நெடுக்கில்தான் துளைக்கிறார்கள். ஊதும்போது ஈரம் நிறைந்த சூடான மூச்சு உட்சுவரில் துளித்துளியாகப் படிகிறது. உள்ளே வீங்குகிறது, வெளியே வறண்டு கிடக்கிறது. இறுக்கமான சட்டை போட்டவர் வயிறுமுட்டச் சாப்பிட்டது போல, வெளிப்புறம் இழுபடுகிறது. குறுக்கில் இழுத்தால் மரத்துக்குப் பலம் குறைவு; நெடுக்கில் பிளக்கும். வாய்க்கு மிக அருகில் இருப்பதாலும் துளைகள் மலிந்திருப்பதாலும் மேல் துண்டுதான் முதலில் வெடிக்கும்.

ஆகவே பகை ஈரம் அல்ல, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு. அந்த வகையில் நம் மாரிகாலம் மரத்துக்குக் கெட்டதல்ல; எல்லாப் பக்கமும் ஒன்றாக ஊறிக் கிடக்கும். ஆபத்து கச்சான் வீசும் பகல்களில் இருக்கிறது. அதைவிட ஆபத்து குளிரூட்டிய அறையில். கொழும்பில் இசைத் தேர்வு மண்டபத்தில் ஒரு மணி நேரம் உலர்ந்து குளிர்ந்த குழலுக்குள் திடீரென்று மூச்சைச் செலுத்துவதை நினைத்துப் பாருங்கள். அதனால் அங்கே குழலைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றிவிட்டே ஊதும்படி மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். புதிய மரமாக இருந்தால் முதல் வாரம் நாளுக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஊதி முடித்ததும் துணியை உள்ளே இழுத்துத் துடைத்துத் துண்டு துண்டாகக் கழற்றிவிட வேண்டும். வெயிலில் நிற்கும் முச்சக்கர வண்டிக்குள் வைத்துவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது.

முதலில் நாங்கள் ஏமாறத்தான் பார்த்தோம். ஒரு கடையில், பாவித்த வாத்தியம் ஒன்று, பளபளவென்று, பாதி விலைக்கு. மேல் துண்டின் கீழ்முனையை உள்ளங்கையால் அடைத்து, துளைகளை விரல்களால் மூடி, மேல்முனையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சினேன். நன்றாக இருக்கும் குழல் அந்த வெற்றிடத்தைச் சில நொடிகள் பிடித்துவைத்திருக்கும். விரலை எடுத்தால் 'பொக்' என்று சத்தம் வரும். அதிலே ஒன்றும் பிடிபடவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, ஒரு துளையிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு, கறுப்புப் பசையால் அடைத்து மெருகு போட்டிருந்தது. ஒழுங்காகப் பழுதுபார்த்த வெடிப்போடு வாத்தியம் பல்லாண்டு ஒலிக்கும். மறைத்து விற்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சுருதி விஷயம் ஒன்று பாக்கி. ஒலியின் வேகம் சூட்டோடு ஏறும். கொழும்பு மண்டபத்தில் 22 பாகை, நம் வீட்டுக் கூடத்தில் 33 பாகை என்றால் வேறுபாடு ஏறத்தாழ 1.8 விழுக்காடு. அங்கே 440 ஹெர்ட்ஸில் நிற்கும் சுரம் இங்கே 448ஐ எட்டப் பார்க்கும். அரைச்சுருதியில் மூன்றில் ஒரு பங்கு. மூச்சே குழலைச் சூடாக்குவதால் நடைமுறையில் அவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் காதுக்குத் தெரியும். மவுத்பீஸ் என்னும் ஊதுமுனைத் துண்டுக்குக் கீழே உள்ள பாரல் என்னும் குட்டைக் குழாயைச் சற்று வெளியே இழுத்துச் சரிசெய்வார்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. 2 மி.மீ. இழுத்தால் 59 செ.மீ. தம்பத்துக்கு அது 0.3 விழுக்காடு, 25 செ.மீ. தம்பத்துக்கு 0.8. குட்டைச் சுரங்கள் அதிகமாக இறங்கி, சுரங்களின் உறவே கெடும். ஆகையால் பாரலில் கொஞ்சம், நடு இணைப்பில் கொஞ்சம் என்று பகிர்ந்து இழுப்பது நல்லது. சோதிக்கும்போது கைத்தொலைபேசியின் சுருதிமானியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கீழ்ச் சுரத்தையும் ஊதி, கட்டைவிரல் விசையை அழுத்தி அதன் மூன்றுமடங்குச் சுரம் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே அளவு ஏறியிருந்தால் பாரல் சரிசெய்துவிடும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் வாத்தியத்தையே விட்டுவிடுங்கள்.

கடலோர ஊர் என்பதால் விசைகளுக்குக் கீழே உள்ள ஊசி வில்களையும் பாருங்கள். அவை பெரும்பாலும் நீல எஃகு. உப்புக்காற்றில் துருப்பிடித்து, தேர்வு நாள் பார்த்து முறியும்.

பணம் போதாவிட்டால் முதலில் மவுத்பீஸை மாற்றுங்கள் என்பேன். நல்ல மவுத்பீஸ்கள் எபனைட் என்னும் கந்தகம் ஏற்றிய கடின ரப்பரில் கடைந்தவை. கருங்காலியின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்த சொல் அது. குழலை மாற்றுவதைவிட மவுத்பீஸின் உள்ளளவை மாற்றுவது நாதத்தைக் கூடுதலாக மாற்றும். செலவும் எத்தனையோ மடங்கு குறைவு. மருமகளின் பழைய பிளாஸ்டிக் குழலிலேயே அதைப் பொருத்திப் பார்த்து அக்கா அசந்துபோனாள்.

அதன் பிறகும் மரத்தில் வாங்கினோம். யமஹாவின் 450, பஃபே கிராம்போனின் ஈ 13 இரண்டையும் சுருதிமானியோடு ஊதிப் பார்த்தாள். எங்கள் கைக்குக் கிடைத்த இரண்டில் மூன்றுமடங்குகள் ஒழுங்காக விழுந்தது முன்னதில். பெயரைப் பார்த்து முடிவு செய்யவில்லை. அதே வகையில் இன்னொன்று வேறு மாதிரி விழுந்திருக்கலாம்.

சென்ற ஆடியில் இணைப்பு வளையம் ஒன்று இளகிக் கிலுகிலுத்தது. மரம் சுருங்கினால் வரும் முதல் அடையாளம் அது. பெட்டிக்குள் ஈரப்பதம் காக்கும் உறை ஒன்றை வைத்தோம். சில நாட்களில் வளையம் மீண்டும் இறுகியது. பிளாஸ்டிக் கிளாரினெட்டை விற்கவில்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டியில், மைதானத்து வெயிலில், அணிவகுப்புக்கு முன்னால் போவது இன்னமும் அதுதான்.