கியர் ஆயில் வாங்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

"எவ்வளவு ஆனாலும் பரவாயில்லைங்க, இருக்கறதுலயே நல்ல ஆயிலா ஊத்திவிடுங்க." கியர் ஆயில் மாற்ற ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் அதிகம் சொல்வது இதைத்தான். இப்படிச் சொல்லிவிட்டு நீங்கள் டீ குடிக்கப் போய்விட்டால், உள்ளே போவது என்ன ஆயில் என்பது அன்றைக்கு அங்கே எந்த பேரல் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எஞ்சின் ஆயிலுக்கு டிப் ஸ்டிக் இருக்கிறது, பானெட்டைத் திறந்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கியர் பாக்ஸுக்குப் பெரும்பாலான கார்களில் அதுவும் கிடையாது. வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பக்கவாட்டில் இருக்கும் பிளக்கைக் கழற்றினால்தான் உள்ளே ஆயில் இருக்கிறதா, எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரியும். அதனால் வருஷக்கணக்கில் யாரும் கண்டுகொள்வதில்லை, அப்புறம் ஒருநாள் செகண்ட் கியர் முரண்டு பிடிக்கும்போது கடைக்காரர் கையில் கொடுப்பதை வாங்கி ஊற்றிவிடுகிறோம்.

குழப்பம் தொடங்குவது டப்பாவில் இருக்கும் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற குறிகளில். ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரக்குறியீடு இது. எஞ்சின் ஆயிலில் எஸ்என் என்ற தரம் போய் எஸ்பி வந்தது, புதியது பழையதன் வேலையையும் செய்யும், பயமில்லாமல் ஊற்றலாம். அதே கணக்கை இங்கேயும் போட்டு, 4-ஐ விட 5 உசத்திதானே என்று நினைத்துவிடுகிறார்கள். கியர் ஆயிலில் அந்த எண் எந்த வேலைக்கான ஆயில் என்பதைச் சொல்கிறது. பின் ஆக்ஸிலில், எஞ்சின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் கிரவுன் பினியன் என்ற கியர் ஜோடியில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே கடும் அழுத்தத்தில் சுற்றும், சாதாரண ஆயில் படலம் அங்கே தாங்காது. ஜிஎல்-5 அந்த இடத்துக்கானது. கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்தை அதில் தாராளமாகச் சேர்க்கிறார்கள், சூடும் அழுத்தமும் ஏறும்போது அது இரும்புப் பல்லின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து பல்லைக் காப்பாற்றும். ஜிஎல்-4இல் இந்த மருந்து ஏறத்தாழ பாதிதான். (புது டப்பாவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது இந்தக் கந்தகத்தால். ஆயில் கெட்டுப்போய்விட்டது என்று கடையில் சண்டை போட வேண்டாம்.)

கியர் பாக்ஸுக்குள் கதை வேறு. அங்கே கியர்களுக்குப் பக்கத்தில் பித்தளை வளையங்கள் இருக்கின்றன, சின்க்ரோ ரிங் என்போம். வளையத்தின் உட்புறம் கூம்பாகக் கடைந்திருக்கும், நகத்தை வைத்து இழுத்தால் சொரசொரவென்று தட்டுப்படும் அளவுக்கு அதில் நுண்ணிய வரிகள் இருக்கும். நீங்கள் மூன்றிலிருந்து இரண்டுக்கு லிவரைத் தள்ளும்போது இந்த வளையம் போய்க் கியரின் கூம்பில் உரசுகிறது, வரிகள் நடுவில் இருக்கும் ஆயிலை வழித்துத் தள்ளுகின்றன, உரசலில் இரண்டின் வேகமும் ஒன்றாகிறது, அதற்குப் பிறகுதான் கியரைத் தண்டோடு பூட்டும் ஸ்லீவ் நகர்ந்து கியர் விழுகிறது. எல்லாம் கண்ணிமைக்கும் நேரம்தான். ஆக, பெட்டிக்குள் மற்ற எல்லா இடத்திலும் ஆயில் வழுக்க வேண்டும், இந்த ஒரு இடத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். இங்கேயும் வழுக்கினால் வேகம் ஒன்றாகாமலே ஸ்லீவின் பல் கியரின் பல்லில் போய் முட்டும், "கர்ர்ர்" என்று சத்தம் வரும். பிரேக் ஷூவில் கிரீஸ் தடவிவிட்டு வண்டி நிற்கவில்லை என்று புலம்புகிற மாதிரிதான் இது.

அரிப்பு இன்னொரு பக்கம். கந்தக மருந்து சூட்டில் செம்பு கலந்த உலோகத்தைத் தின்னக்கூடியது, பித்தளையும் அதில் சேர்த்தி. இதைச் சோதிக்கப் பளபளவென்று தேய்த்த செம்புத் தகட்டைச் சூடான ஆயிலில் முக்கி வைத்து, எவ்வளவு கறுத்தது என்று 1 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். 1 என்றால் நிறம் அதிகம் மாறவில்லை, 4 என்றால் கறுத்து அரித்துப்போனது. ஆயிலின் தகவல் தாளில் இந்த எண் இருந்தால் 1 இருப்பதையே எடுங்கள். இப்போது வரும் ஜிஎல்-5 ஆயில்கள் சிலவற்றில் பித்தளையைக் காக்கும் சேர்மானமும் உண்டு, அதனால் ஊற்றிய மறுநாளே வளையம் கரைந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். ஆனால் அரிக்காத ஆயிலும் சின்க்ரோவை வழுக்கவிடலாம். டப்பாவில் "ஜிஎல்-4/ஜிஎல்-5" என்று இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தால், சின்க்ரோ உள்ள கியர் பாக்ஸுக்கு ஏற்றது என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் நான் வாங்க மாட்டேன்.

சமீபத்தில் ஒரு சின்ன ஹேட்ச்பேக் வந்தது. காலையில் வண்டி எடுத்துக் கொஞ்ச தூரம் போகும்வரை செகண்ட் விழவே மாட்டேன் என்கிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது, வேறொரு இடத்தில் சர்வீஸ் செய்ததிலிருந்து இப்படி என்றார் வண்டிக்காரர். பில்லில் வெறுமனே "கியர் ஆயில் 2 லிட்டர்". ட்ரெய்ன் பிளக்கைத் திறந்தால் ஆயில் கொட்டாமல் நூல் நூலாக இறங்குகிறது. லோடு வண்டிக்கு ஊற்றும் கெட்டியான 140 ஆயில். கையேட்டில் அந்தக் காருக்குப் போட்டிருப்பது அதைவிட மிக இளகலான 75டபிள்யூ-80, ஜிஎல்-4. பிளக் நுனியில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது, அது எல்லா வண்டியிலும் இருப்பதுதான். வடித்த ஆயிலை ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்தபோதுதான் பொன் நிறத்தில் பொடிப்பொடியாக மினுங்கியது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது, இப்படிப் பார்த்தால்தான் சிக்கும். சரியான ஆயில் போனதும் காலை நேரத் தகராறு போயேவிட்டது, ஆனால் செகண்டை அவசரமாகத் தள்ளினால் லேசாக ஒரு உரசல் இன்னமும் இருக்கிறது. தேய்ந்த வளையத்தை எந்த ஆயிலும் வளர்த்துத் தராது.

140 ஊற்றியவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும் என்பது லாரியிலும் பழைய ஜீப்பிலும் தொழில் கற்றவர்களின் நம்பிக்கை. 75டபிள்யூ-90 என்பதில் முதல் பாதி குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, 75டபிள்யூ என்றால் மைனஸ் 40 டிகிரியில் சோதித்தது, 80டபிள்யூ என்றால் மைனஸ் 26. நமக்கு எதற்கு மைனஸ் கணக்கு என்பீர்கள். அந்த எண் குறையக் குறைய ஆறிய ஆயிலும் இளகலாக இருக்கும், ஊட்டியில் ஜனவரி விடியற்காலையில் வண்டி எடுப்பவருக்கு அது கையிலேயே தெரியும். இரண்டாவது எண் 100 டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதற்கு. எஞ்சினுக்கு 30, கியர் பாக்ஸுக்கு 90 என்றால் மூன்று மடங்கு கெட்டியா என்று பலர் கேட்கிறார்கள். கிடையாது, இரண்டும் வேறு வேறு அளவுகோல். கியர் ஆயிலின் 90 கிட்டத்தட்ட எஞ்சின் ஆயிலின் 40, 50 கெட்டிதான், 80 என்பது 20, 30க்குப் பக்கம். புதிய கார்களில் மைலேஜுக்காக இதை இன்னும் இறக்கிக்கொண்டே போகிறார்கள், ஏனென்றால் கியர்கள் ஆயிலைக் கடைந்துகொண்டேதான் சுற்றுகின்றன, கெட்டி கூடினால் கடைவதற்கே சக்தி போகும். கெட்டி ஆயிலுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு, தேய்ந்த பேரிங்கின் சத்தத்தைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் காலையில், ஆறிய வண்டியை ஓட்டிப் பாருங்கள், கெட்டி ஆயில் ஊற்றியிருந்தால் அப்போது கியர் முரண்டு பிடித்துக் காட்டிக்கொடுக்கும்.

சரி, எதைத்தான் ஊற்றுவது? டேஷ்போர்டு பெட்டியில் கவர் பிரிக்காமல் கிடக்கும் கையேட்டில் இருக்கிறது. பொதுவாக, ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி முன் சக்கரம் இழுக்கும் கார்களில் கியர் பாக்ஸும், சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள், ஒரே ஆயில், அங்கே இருப்பது சாய்வுப் பல் கியர்தான் என்பதால் ஜிஎல்-4 போதும். ஈக்கோ, பொலிரோ, இன்னோவா கிரிஸ்டா மாதிரி பின் சக்கரம் தள்ளும் வண்டிகளில் கியர் பாக்ஸ் தனி, கிரவுன் பினியன் இருக்கும் பின் ஹவுசிங் தனி, ஹவுசிங்குக்குத்தான் ஜிஎல்-5. இரண்டுக்கும் ஒரே கேனிலிருந்து ஊற்றுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம், ஜிஎல்-5 போனால் சின்க்ரோவுக்கு ஆகாது, ஜிஎல்-4 போனால் கிரவுன் பினியன் ஊளையிட ஆரம்பிக்கும்.

இதற்கும் விதிவிலக்கு உண்டு, அதனால்தான் கையேடு என்கிறேன். டொயோட்டாவின் சில மாடல்களில் ஜிஎல்-4, ஜிஎல்-5 எதுவானாலும் சரி என்று நிறுவனமே போட்டிருக்கிறது. ஹோண்டா தன் கியர் பாக்ஸுக்கென்று எம்டிஎஃப் என்ற தனி ஆயில் வைத்திருக்கிறது. வெளிநாட்டு வண்டிகள் சிலவற்றில் மேனுவல் கியர் பாக்ஸுக்கே ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஊற்றும் சிவப்பு ஆயில்தான் போகும். 2014இல் செலேரியோவோடு நம்மூரில் பரவிய, கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வண்டிகளைப் பலர் ஆட்டோமேட்டிக் என்று நினைத்து ஏடிஎஃப் கேட்கிறார்கள், உள்ளே இருப்பது மேனுவல் கியர் பாக்ஸ்தான், அதற்கு அந்த கியர் ஆயில்தான். சில ஏஎம்டிகளில் கியரை மாற்றிவிடும் ஹைட்ராலிக் பகுதிக்கென்று தனியாக ஒரு ஆயில் உண்டு, அது வேறு கணக்கு, கலந்துவிடக் கூடாது.

மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் கழற்ற வேண்டியது ஊற்றும் பிளக்கை. அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால், கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டும். வண்டி சமமாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி ஊற்றினால் அளவு தப்பும். லெவல் பிளக் துளையில் ஆயில் வழிய ஆரம்பித்ததும் நிறுத்தி, புது வாஷர் போட்டு மூடினால் முடிந்தது.

சென்னை, தூத்துக்குடி பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் மாதிரி வெள்ளத்தில் வண்டி ஓடியிருந்தால் எஞ்சினை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். சூடான கியர் பாக்ஸ் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வடித்த ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். எத்தனை கிலோமீட்டர் ஆனது என்று கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றுங்கள், பேரிங் துருப்பிடிக்க ரொம்ப நாள் ஆகாது.

கியர் கடினமாக விழுந்தால் எல்லாமே ஆயில் குற்றம் என்றும் இல்லை. எஞ்சின் அணைத்திருக்கும்போது எல்லா கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் முதலில் கிளட்ச்சைச் சந்தேகப்படுங்கள். ரிவர்ஸுக்குப் பல கார்களில் சின்க்ரோவே கிடையாது, கிளட்ச்சை மிதித்து இரண்டு மூன்று நொடி பொறுத்துப் போட்டால் சத்தம் வராது, அதற்காக ஆயில் மாற்றச் செலவு செய்ய வேண்டாம்.

மாற்றிய பிறகு பில்லில் "கியர் ஆயில்" என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். பிராண்டு, 75டபிள்யூ-80 மாதிரி கிரேடு, ஜிஎல் எண், ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள், முடிந்தால் காலி டப்பாவைத் திருப்பி அதன் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வேறு யாரிடம் வண்டி போனாலும், உள்ளே இருப்பது என்ன என்று அவர் தட்டில் ஊற்றிப் பார்க்க வேண்டியிருக்காது.