மீன் பிழைத்த ஆற்றில் கிரேஃபிஷ் ஏன் சாகிறது?

ஓர் ஓடையில் கிரேஃபிஷ்கள் செத்து மிதப்பதாகத் தகவல் வந்தால், இங்கிலாந்தில் ஆற்று உயிரினக் கணக்கெடுப்பில் பணிபுரியும் எங்களைப் போன்றவர்கள் எத்தனை செத்தன என்று முதலில் கேட்பதில்லை. அவற்றோடு வேறு எவை செத்தன, எவை பிழைத்திருக்கின்றன என்றுதான் கேட்கிறோம். நோயா, நஞ்சா, மூச்சுத்திணறலா என்பதைப் பெரும்பாலும் அந்த ஒரு கேள்விக்கான விடையே பிரித்துக் காட்டிவிடுகிறது.

கிரேஃபிஷ் என்பது சிங்கி இறாலின் சிற்றுருவம் போன்ற நன்னீர் உயிரினம். உலகில் 600க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன; இந்தியாவுக்கு உரிய இயல்வகை எதுவும் இல்லை. 2015இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு, ஆராயப்பட்ட 590 இனங்களில் 32 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கணித்தது. பிரிட்டனின் ஒரே இயல்வகை வெண்கொடுக்குக் கிரேஃபிஷ். உரிமம் இன்றி அதைக் கையில் எடுப்பதே இங்குக் குற்றம். 1970களில் பண்ணைகளுக்காகக் கொண்டுவரப்பட்ட அமெரிக்க 'சிக்னல்' கிரேஃபிஷ், தன்னைக் கொல்லாத ஆனால் உள்ளூர் இனத்தைக் கொல்லும் கொள்ளைநோயையும் உடன் கொண்டுவந்துவிட்டது. ஆகவே, எங்கே கிரேஃபிஷ் செத்தாலும் பழி உடனே நோயின் மேல் விழுகிறது. பல நேரங்களில் அது சரியான பழிதான். ஆனால் அந்தப் பழக்கத்தின் நிழலில் நீர் மாசு தப்பித்துக்கொள்வதையும் காண்கிறேன்.

கொள்ளைநோய் கிரேஃபிஷை மட்டுமே தாக்கும். அதே கல்லுக்கு அடியில் வாழும் கூனி போன்ற காமரஸ்களும், மேஃப்ளை எனப்படும் நீர்ப்பூச்சியின் இளம்புழுக்களும் வழக்கம்போல ஊர்ந்துகொண்டிருக்கும். சாக்கடையோ மாட்டுச்சாணக் கழிவோ கலந்து ஆக்சிஜன் குறைந்திருந்தால் மீன்களும் மேற்பரப்புக்கு வந்து வாய் பிளக்கும்; கிரேஃபிஷோ கரையேறி, செவுள் ஈரமாக இருக்கும்வரை காற்றிலேயே மூச்சுவிட்டுச் சமாளிக்கப் பார்க்கும். மீன்கள் நன்றாக நீந்துகின்றன, ஆனால் கிரேஃபிஷ், காமரஸ், நீர்ப்பூச்சி மூன்றும் ஒரே நாளில் சாய்ந்துகிடக்கின்றன என்றால், பூச்சிக்கொல்லியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இறால், நண்டு, கிரேஃபிஷ், பூச்சி எல்லாமே கணுக்காலிகள். பூச்சியின் நரம்பைக் குறிவைத்துச் செய்யப்பட்ட மருந்துக்குப் பயிரைத் தின்னும் வண்டு எது, ஓடையில் வாழும் கிரேஃபிஷ் எது என்று தெரியாது.

இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நடந்தது. அங்கே ஒரே வயலில் நெல்லும் சிவப்புச் சதுப்புக் கிரேஃபிஷும் மாறி மாறி வளர்க்கப்படுகின்றன. நெல் அறுவடைக்குப் பின் நீர் கட்டினால், தாளடியில் பெருகும் உயிர்களைத் தின்று கிரேஃபிஷ் வளரும். நெல் நீர்க்கூன்வண்டைக் கட்டுப்படுத்த, ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி பூசிய விதைநெல் 1999இல் பரவலாக விதைக்கப்பட்டது. அடுத்தடுத்த பருவங்களில் பண்ணையாளர்களின் பொறிகள் வெறுமையாக எழுந்தன. அப்போது கடும் வறட்சியும் இருந்ததால், காரணம் வறட்சியா மருந்தா என்ற வாதம் நீதிமன்றம்வரை சென்று, 2004இல் 4.5 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. ஒரு லிட்டர் நீரில் 20 மைக்ரோகிராமுக்கும் குறைவான ஃபிப்ரோனில் நான்கு நாட்களில் பாதிக் கிரேஃபிஷ்களைக் கொல்லப் போதும் என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டின. நெல்லுக்கு எதுவும் ஆகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விதையைப் பாதுகாப்பதென்ற தன் வேலையை அந்த மருந்து சரியாகவே செய்தது.

தென் இங்கிலாந்தின் கென்னெட் ஆற்றில் 2013 ஜூலையில் நடந்தது இதன் இன்னொரு முகம். குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி மிகச் சிறிய அளவில் மார்ல்பரோ நகரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாக ஆற்றில் சேர்ந்து, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரத்துக்கு நீர்ப்பூச்சிகளையும் காமரஸ்களையும் அழித்தது. மீன்கள் பிழைத்தன. ஆற்றைச் சீராகக் கவனித்து, வலைபோட்டுச் சிற்றுயிர்களை எண்ணிவந்த தன்னார்வலர்கள் இருந்ததால்தான் அது உடனே வெளிப்பட்டது. அப்படி யாரும் எண்ணாத ஆறுகளில் என்ன நடக்கிறது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் ஆற்றில் நஞ்சு கலந்த நீர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் கடந்துவிடும். மறுநாள் நாம் குப்பியில் பிடிப்பது வேறு நீர். அந்த நீர் சுத்தமாக இருப்பதாக வரும் ஆய்வறிக்கை பொய்யன்று, ஆனால் அது முந்தைய நாளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சாவுகள். என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது, பிணமே மிதக்காமல் ஓர் இனம் மறைந்துபோவது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழு, ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகளில் 223 என்ற எண்ணுள்ள ஏரியில், 1976 முதல் கந்தக அமிலத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து, அதன் பி.எச். அளவை 6.8இலிருந்து பல ஆண்டுகளில் ஏறத்தாழ 5க்கு இறக்கியது. அமில மழை ஏரிகளை என்ன செய்யும் என்பதை முழு ஏரியிலேயே பார்ப்பதே நோக்கம். கிரேஃபிஷ் வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்ற வேண்டும். கழற்றியபின் புது ஓடு இறுகுவதற்கு நீரிலிருந்து கால்சியத்தைச் செவுள் வழியாக விரைந்து உறிஞ்ச வேண்டும். இரைப்பைச் சுவரில் முன்கூட்டியே சேமித்துவைக்கும் சிறு சுண்ணாம்புக் கற்கள் முதல் தேவைக்கு மட்டுமே போதும். நீரில் அமிலம் ஏறும்போது இந்த உறிஞ்சல் தடைபடுகிறது. ஏரி 223இல் ஓடுகள் மெலிந்தன, தாயின் வயிற்றடியில் ஒட்டியிருக்க வேண்டிய முட்டைகள் உதிர்ந்தன, ஒட்டுண்ணித் தொற்று பெருகியது, இளங்குஞ்சுகள் இல்லாமல் போயின; 1980களின் தொடக்கத்தில் அந்த ஏரியில் கிரேஃபிஷே இல்லை. வளர்ந்த ஏரி டிரவுட் மீன்கள் அப்போதும் உயிரோடு இருந்தன, ஆனால் இரை அழிந்துபோனதால் எலும்பும் தோலுமாக இருந்தன. மேலிருந்து பார்த்தவருக்கு முன்னைவிடத் தெளிந்த ஏரிதான் தெரிந்திருக்கும்.

செம்பு இதைவிடக் கமுக்கமாக வேலை செய்யும். கிரேஃபிஷின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் நிறமியிலேயே செம்பு உண்டு. இருந்தும் நீரில் கரைந்த செம்பு மிகுந்தால் அதன் செவுளைச் சிதைப்பதோடு, சிற்றுணர்கொம்புகளால் மோப்பம் பிடிக்கும் திறனையும் மழுக்குகிறது. குளத்துப் பாசியை ஒழிக்க மயில்துத்தம் (செப்பு சல்பேட்) இடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். மெட்டோலாக்ளோர் என்ற களைக்கொல்லியும் இரையின் வாடையைத் தேடிச் செல்லும் திறனைக் குலைப்பதாக ஆய்வுகள் உள்ளன. இரை இருந்தும் பசியில் வாடும் கிரேஃபிஷை எந்தச் சாவுக் கணக்கிலும் நாம் சேர்ப்பதில்லை.

உண்பவர்களுக்கு ஒரு சொல். காட்மியம் போன்ற உலோகங்கள் வால் சதையைவிட, தலைப்பகுதியில் உள்ள மஞ்சள் சுரப்பியில்தான் பெரிதும் சேர்கின்றன. கல்லீரல், கணையம் இரண்டின் வேலையையும் அதுவே பார்க்கிறது. 1998 ஏப்ரலில் ஸ்பெயினின் அஸ்னால்கோயார் சுரங்கக் கழிவு அணை உடைந்தபின், அங்குப் பிடிக்கப்பட்ட கிரேஃபிஷ்களில் உலோகச் சேர்மானத்தை ஆய்வாளர்கள் தொடர்ந்து அளந்தார்கள். சுரங்கத்துக்கோ தொழிற்பேட்டைக்கோ கீழ்ப்புறமுள்ள நீரில் பிடித்ததென்றால், ருசி எப்படியிருந்தாலும் அந்த மஞ்சளை ஒதுக்கிவிடுவதே நல்லது. நண்டுக்கும் இது பொருந்தும். நம்மவர்களுக்கு இது கசப்பான அறிவுரைதான்.

பொதுவாக ஆலைகளையும் வயல்களையும் மட்டுமே குற்றஞ்சாட்டுகிறோம். லூசியானாவில் வழக்குக்குக் காரணமான அதே ஃபிப்ரோனில், நாயின் பிடரியில் உண்ணிக்காகச் சொட்டுவிடும் மருந்துகள் பலவற்றில் இருக்கிறது. இங்கிலாந்தின் 20 ஆறுகளில் 2016 முதல் 2018 வரை எடுக்கப்பட்ட நீர் மாதிரிகளை சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, 99 விழுக்காட்டு மாதிரிகளில் அது காணப்பட்டது. மருந்திட்ட நாயைக் குளிப்பாட்டிய நீர் சாக்கடை வழியாக ஆற்றை அடைகிறது; கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அதை முழுமையாக அகற்றுவதில்லை. உண்ணி இல்லாத நாய்க்கும் மாதந்தோறும் சொட்டுமருந்து விடும் வழக்கத்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு மறுபரிசீலனை செய்யலாம். மருந்திட்ட நாட்களில் நாயை ஓடையில் இறக்காமல் இருப்பது அதைவிட எளிது.

சாவைக் காண நேர்ந்தால் காத்திருக்க வேண்டாம். கல்லைப் புரட்டிக் காமரஸ்கள் அசைகின்றனவா என்று பாருங்கள். கிரேஃபிஷைத் தொடாமல் படமெடுங்கள். நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு உடனே சுற்றுச்சூழல் முகமையின் அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள். நீரைச் சேகரிக்கச் சொன்னால் கழுவிய கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி, இருட்டில் குளிர்ச்சியாக வையுங்கள். சாவு தொடங்கும் இடத்துக்கு மேல்நீரோட்டத்திலும் ஒரு குப்பி பிடித்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். காரணம் நோயாகவும் இருக்கலாம் என்பதால், அன்று அணிந்த காலணியும் வலையும் நன்றாகக் கழுவி முற்றிலும் காய்ந்தபின் அன்றி வேறோர் ஓடையில் இறங்கக் கூடாது.