கிளேமோர்: பெயரில்தான் பெரிய வாள்

கிளேமோர் என்றால் பலருக்கும் இரண்டு கையாலும் பிடித்து வீசும் நெடிய வாள்தான் மனசில் வரும், அதில் தப்பும் இல்லை. ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் கேலிக் மொழியில் முதல் பாதிக்கு வாள் என்றும் ‘மோர்’ என்பதற்குப் பெரிய என்றும் பொருள், சேர்த்தால் பெருவாள். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் இதே பெயரை ஒரு கையால் பிடிக்கும் இன்னொரு வாளுக்கும் சொன்னார்கள். பிடியைச் சுற்றி இரும்புப் பட்டைகளும் கம்பிகளும் கூடை போல வளைந்து கையை மூடியிருக்கும். 1746 ஏப்ரல் 16 அன்று ஸ்காட்லாந்தில் பிரிட்டிஷ் அரசுப் படையோடு மோதிய கல்லோடன் போர்க்களத்தில் மலைநாட்டார் வலக்கையில் பிடித்து ஓடிய வாள் இதுதான்.

இதைத் தமிழில் ‘கூடைப்பிடி வாள்’ என்று சொல்லலாம். வெறும் ‘கூடை வாள்’ போதாது, கூடையாக இருப்பது பிடி மட்டும்தானே. பட்டாக்கத்தி என்று எழுதினால் வேறு ஆயுதமே கண்முன் வரும், தயவுசெய்து வேண்டாம். இதிலேயே இருபுறமும் கருக்கு (வெட்டும் கூர்விளிம்பு) உள்ளதை ‘அகல்வாள்’ எனலாம். அந்தக் காலத்துக் கனவான்கள் இடுப்பில் கட்டிய ஒல்லியான குத்துவாளோடு ஒப்பிட்டால்தான் அது அகலம். ஒரு பக்கம் மட்டும் கருக்கு இருந்தால் ‘ஒருகருக்கு வாள்’.

சரி, எடைக்கு வருவோம். ‘பெரிய’ என்று பெயரிலேயே இருப்பதாலோ, இரும்புக் கூடையைப் பார்த்த மிரட்சியாலோ, இது தூக்கவே முடியாத கனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழைய கூடைப்பிடி வாள்களில் பெரும்பாலானவை 1.1 முதல் 1.5 கிலோவுக்குள் அடங்கும், அலகின் நீளம் சுமார் 80 முதல் 90 செ.மீ. அந்த எடையிலும் ஒரு நல்ல பங்கு கூடையில், அதாவது கைக்குள்ளேயே இருக்கிறது. அலகோ பிடியருகே 5 மி.மீ. போலத் தடித்துத் தொடங்கி, போகப்போக மெலிந்து நுனிப்பக்கம் பாதிக்கும் குறைவாகிவிடும், பலவற்றில் நடுவே பள்ளம் இழைத்தும் எடை குறைத்திருப்பார்கள். அதனால் சமநிலைப் புள்ளி, அதாவது விரல்மேல் வைத்தால் வாள் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடம், கைக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஒரே சுத்தியலைத் தலைப்பக்கம் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அப்புறம் காம்பின் கடைசியில் பிடித்து ஆட்டுங்கள், வித்தியாசம் மணிக்கட்டுக்குப் புரியும். இன்று மலிவாக விற்கும் நகல்கள் பலவற்றில் அலகு அடி முதல் நுனி வரை ஒரே தடிமன், அதனால் தராசில் அதே எடை காட்டினாலும் வீசும்போது கையை இழுக்கும்.

கூடையையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங், கிளாஸ்கோ ஊர்க் கொல்லர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். பட்டைகளில் இதய வடிவத்திலும் வட்டமாகவும் துளையிட்டிருப்பார்கள், மரப்பிடிக்கு மேல் சொரசொரப்பான சுறாத்தோல் போர்த்தி முறுக்குக் கம்பி சுற்றியிருப்பார்கள், உள்பக்கம் தோலும் துணியும் வைத்துத் தைத்த மெத்தை இருக்கும். அலகு மட்டும் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து, குறிப்பாகச் சோலிங்கனிலிருந்து வந்தது. பல அலகுகளில் ‘ஆண்ட்ரியா ஃபெராரா’ என்று பொறித்திருக்கும். அது 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய வாள்கொல்லர் ஒருவரின் பெயர், அவர் காலத்துக்கு வெகுநாள் பிறகும் தரத்தின் முத்திரையாக, எழுத்துகள் மாறி மாறி, மற்றவர்கள் அதைப் பொறித்துக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது கிடைக்கும் பழைய வாள் எதுவும் செய்தபோது இருந்த எடையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. மெத்தை உதிர்ந்திருக்கும், திரும்பத் திரும்பத் தீட்டி அலகு தேய்ந்திருக்கும், சிலவற்றில் பழைய அலகுக்குப் புதுக் கூடை பூட்டியிருப்பார்கள். ஆகவே விற்பனைப் பட்டியலில் எடை மட்டும் போட்டிருந்தால், சமநிலைப் புள்ளி கூடையிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி இருக்கிறது, உள்மெத்தை இருக்கிறதா என்று இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.