ஈறு வீங்கி வந்தவரிடம் மனநிலை பற்றி ஏன் கேட்கிறேன்?

ஐம்பதை நெருங்கும் ஒரு அம்மா, ஈறு வலி என்று வந்திருந்தார். கீழ்ப்பற்களின் உட்புறம் முழுக்கக் காரை. பல்லுக்கும் ஈறுக்கும் இடையே அளவுகோலை விட்டுப் பார்த்தால் பல இடங்களில் 6 மில்லிமீட்டர் இறங்கியது. நல்ல ஈறில் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது.

"ராத்திரி பல் தேய்ப்பீங்களாம்மா?"

"காலையிலயே சில நாள் தேய்க்கிறதில்ல டாக்டர். எந்திரிக்கவே மனசு வரமாட்டேங்குது."

இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திட்டி அனுப்பியிருந்தால் நான் பாதி நோயைத்தான் பார்த்திருப்பேன். மறுபாதி மனச்சோர்வு. இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

பல்லுக்கும் ஈறுக்கும் இடையே இப்படி ஆழமாகிப்போன இடைவெளிகளைப் பைகள் என்போம். அவற்றின் உட்புறம் ஆறாத புண். போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற கிருமிகள் அங்கே குடியிருக்கின்றன. மெல்லும்போதும் பல் தேய்க்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றை எதிர்க்க உடல் இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது. இந்தச் சேதி ரத்தம் வழியாகவும் உள்ளுறுப்புகளை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளைக்குப் போகிறது. காய்ச்சல் வந்தால் யாரோடும் பேசப் பிடிக்காமல், சாப்பாடு வேண்டாம் என்று சுருண்டு படுப்போமே, அதற்கும் இதே பொருள்கள்தான் காரணம். காய்ச்சல் நான்கு நாளில் விட்டுவிடும். ஈறு நோய் வருடக்கணக்கில், பெரும்பாலும் வலியே இல்லாமல் நீடிக்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளைத் தயாரிக்க, உணவிலிருந்து கிடைக்கும் டிரிப்டோஃபேன் தேவை. அழற்சி கூடினால் ஒரு நொதி வேலையைத் தொடங்கி, அந்த டிரிப்டோஃபேனைக் கைனுரெனின் என்ற வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. முன்பு ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு, அழற்சியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஊசி போட்டபோது, அதுவரை நன்றாக இருந்தவர்களில் கணிசமானோருக்கு மனச்சோர்வு வந்தது. அழற்சி மனதைத் தொடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எதிர்த்திசையிலும் பாதை உண்டு. மனச்சோர்வில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடி எதிர்ப்புச் சக்தி தடுமாறும். சிலருக்குச் சிகரெட் கூடும். மனச்சோர்வு மாத்திரைகளில் பல வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள், அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

ஸ்கேலிங் செய்தால், அதாவது காரையைச் சுரண்டி எடுத்தால், மனச்சோர்வு தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவருக்கு எது முதலில் வந்தது என்பதையும் வாயைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். அந்த அம்மாவுக்கு ஈறைச் சுத்தம் செய்துவிட்டு, மனநல மருத்துவருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மகளையும் கூட்டிப் போகச் சொன்னேன்.

அப்புறம், இப்படிச் சோர்ந்திருப்பவர்களிடம் இரண்டு வேளை தேய்க்கச் சொல்லி நெருக்க வேண்டாம். முதலில் ராத்திரி ஒரு வேளை போதும். நிற்கத் தெம்பில்லையா? சரி, கட்டிலில் உட்கார்ந்தே, பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு தேய்க்கலாம்.