பென்ஸ்டாக் வெல்டிங்கும் ஒரு ஜாண் கம்பியும்

நீலகிரியின் சிங்காராவிலும் கெத்தையிலும், மின்நிலையத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவர மலைச்சரிவில் இறங்கும் பென்ஸ்டாக் குழாய்களைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் பிரம்மாண்டம் தெரியும். சிங்காராவில் உள்ள பைக்காரா மின்நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியபோது தண்ணீர் விழும் உயரமே 900 மீட்டருக்கு மேல். அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டிய குழாயில் வெல்டிங் போட்டால் உள்ளே ஓட்டையோ வெடிப்போ இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். அதற்கு வழக்கமான வழிகளில் ஒன்று காமா ரேடியோகிராஃபி, அதாவது கதிரியக்கப் பொருளின் காமா கதிரை வெல்டிங் வழியே செலுத்தி ஃபிலிமில் படம் எடுப்பது. அணு உலை இல்லாத மலைக்கு அணுத்துறை வந்து சேரும் வழியும் இதுதான்.

1999 பிப்ரவரி 20 அன்று பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையடிவாரத்தில், யனாங்கோ நீர்மின் நிலையத்தில், இதே போன்ற பென்ஸ்டாக் பழுது வேலை நடந்துகொண்டிருந்தது. ரேடியோகிராஃபி கேமரா என்பது கதிரியக்கப் பொருளை (சோர்ஸ்) வைத்திருக்கும் கனமான தடுப்புப் பெட்டி. அதிலிருந்து பிரிந்துபோன இரிடியம்-192 சோர்ஸ் அங்கே கிடந்தது. பார்வைக்கு அது ஒரு சிறு கம்பித் துண்டு. வெல்டர் ஒருவர் எடுத்து பேன்ட் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சில மணி நேரம் அதோடு வேலை செய்தார், அதோடேயே வீட்டுக்கும் போனார். இரவு எடுத்த ஃபிலிமைக் கழுவியபோது படம் விழவில்லை. சோர்ஸ் கேமராவில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வெல்டரின் வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று.

சோர்ஸின் பலத்தைக் கியூரியிலும், உடல் வாங்கும் கதிர்வீச்சை (டோஸ்) மில்லிசீவெர்ட்டிலும் அளப்பார்கள். 20 கியூரி இரிடியம் சோர்ஸ் மறைப்பின்றி வெளியே இருந்தால் ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்குச் சுமார் 100 மில்லிசீவெர்ட். கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஆண்டுக்குச் சராசரியாக அனுமதிக்கப்பட்டது 20 மில்லிசீவெர்ட். பன்னிரண்டு நிமிடத்தில் அது தீர்ந்துவிடும். பத்து மீட்டர் தள்ளி நின்றால் மணிக்கு 1 மில்லிசீவெர்ட். பொதுமக்களுக்கான ஓராண்டு வரம்பே அவ்வளவுதான். மாறாக, தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் சோர்ஸ் இருந்தால் ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து கிரேக்கு மேல் (காமா கதிருக்கு ஒரு கிரே என்பது சுமார் 1000 மில்லிசீவெர்ட்). பாக்கெட் என்பது அந்தத் தூரம்தான்.

படம் எடுக்கும்போது கிராங்க் என்ற கைப்பிடியைச் சுற்றி, கேபிள் வழியாகச் சோர்ஸைக் கேமராவிலிருந்து கைடு டியூப் என்ற குழாய்க்குள் தள்ளுவார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும், அதாவது ஒவ்வொரு படத்துக்குப் பிறகும், சோர்ஸ் உள்ளே திரும்பிவிட்டதா என்று பார்க்கும் வேலை இரண்டு நிமிடத்தில் முடியும். கிராங்க்கைச் சுற்றி இழுத்தபின் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரைத் தொலைவிலேயே ஆன் செய்து, முள்ளைப் பார்த்தபடி கேமராவை நெருங்க வேண்டும். கேமராவின் முன்பக்கம், பிறகு கைடு டியூப் முழுக்க, கடைசியில் கதிரை ஒரு பக்கமாக மட்டும் விடும் காலிமேட்டர் வரை மீட்டரைக் கொண்டுபோக வேண்டும். ஷாட்டுக்கு முன் எடுத்த அளவோடு அது ஒத்துப்போனால்தான் பூட்டிச் சாவியை எடுக்கலாம். கேமரா பக்கத்தில் மீட்டர் பூஜ்யம் காட்டினால் நிம்மதி அடையக் கூடாது. மூடிய கேமராவின் மேற்பரப்பிலும் சிறிது கதிர்வீச்சு இருக்கும், அதனால் அங்கே பூஜ்யம் என்றால் மீட்டர் சரியாக வேலை செய்யவில்லை, அல்லது சோர்ஸ் உள்ளே இல்லை என்று பொருள். சில பழைய ஜி.எம். (கைகர்-முல்லர்) மீட்டர்கள் மிக அதிகக் கதிர்வீச்சில் திணறி, முள் பூஜ்யத்துக்கே விழுந்துவிடும். சோர்ஸுக்குப் பக்கத்தில் போய் ஆன் செய்தவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

சோர்ஸ் ஏன் பிரிகிறது? பெரும்பாலும் டிரைவ் கேபிளும் சோர்ஸ் தொங்கும் ஜாண் நீளப் பிக்டெயிலும் சேரும் கொக்கி தேய்ந்திருக்கும், அல்லது சரியாக மாட்டாமல் விட்டிருப்பார்கள். தேய்மானத்தைக் கண்டுபிடிக்க 'நோ-கோ' கேஜ் என்ற அளவுக் கருவி இருக்கிறது; கொக்கி தேய்ந்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும். வேலை தொடங்கும் முன் அதை வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கைடு டியூப் நசுங்கினாலோ, சரிவில் இடம் போதாமல் கூர்மையாக வளைத்தாலோ சோர்ஸ் நடுவழியில் சிக்கிக்கொள்ளும்.

இதைத் தெரிந்தவர்களும் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. இரிடியம்-192-இன் அரை ஆயுள், அதாவது அதன் பலம் பாதியாகக் குறையும் காலம், 74 நாள். புதிதாக 20 கியூரியாக வந்தது இரண்டரை மாதத்தில் 10, ஐந்து மாதத்தில் 5. இரண்டு நிமிட ஷாட் எட்டு நிமிடமாகிறது. ஜாயின்ட் எண்ணிக்கையோ குறைவதில்லை. கான்ட்ராக்டர் காலையில் ரிப்போர்ட் கேட்பார். ஷாட் நேரத்தைக் குறைத்தால் ஃபிலிம் காட்டிக்கொடுத்துவிடும். சர்வேயை விட்டால் எந்தத் தாளிலும் தெரியாது. எனவே முதலில் காணாமல் போவது சர்வேதான். சோர்ஸ் பலம் குறையும்போது தினசரி ஜாயின்ட் இலக்கையும் குறைத்து எழுதாத பொறியாளருக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு.

மலைக்கென்று தனிக் கவனம் தேவைப்படும் இடம் வேலி கட்டுவது. குழாய் ஓரமாகக் கேபிளால் இழுக்கும் வண்டி ஓடும் வின்ச் பாதையில் நிற்கும் ஆளை அடைய வளைவு வளைவாக இருநூறு மீட்டர் நடக்க வேண்டியிருக்கும். கதிர் நேர்க்கோட்டில் போகும். அதற்கு அவர் முப்பது மீட்டரில் நிற்கிறார். நடக்கும் தூரத்தை வைத்துக் கயிறு கட்டினால் கணக்கு தப்பாகிவிடும். சரிவின் மேலும் கீழும் நேர்த்தூரம் பார்க்க வேண்டும். நடுவில் மண்மேடு இருந்தால் அது நல்ல தடுப்பு, அந்தப் பக்கம் பார்த்துக் காலிமேட்டரைத் திருப்பலாம். மூடுபனி இறங்கிவிட்டால் சிவப்பு விளக்கு பத்தடிக்கு மேல் தெரியாது. தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதை, மாட்டுப் பாதை உட்பட ஒவ்வொன்றிலும் ஆள் நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அன்றைக்கு ஷாட் கூடாது.

பொறியியல் கல்லூரிகளில் தொழில் நெறிமுறைப் பாடம் இருக்கிறது, அதில் செர்னோபிலும் போபாலும் வருகின்றன. பாதுகாப்புக் கலாச்சாரம் என்ற சொல்லே செர்னோபிலுக்குப் பிறகு சர்வதேச அணுசக்தி முகமையின் அறிக்கைகள் வழியாகப் பரவியது. ஆனால் செர்னோபிலைப் பற்றிப் பத்து மதிப்பெண் எழுதிய மாணவர், இரவு பதினொரு மணிக்குக் குளிரில் 'நிறுத்துங்கள்' என்று மேஸ்திரியிடம் சொல்ல எங்கே பழகுகிறார்? 2003 ஜனவரியில் கல்பாக்கத்தில், பயன்படுத்திய அணு எரிபொருளை மறுசுழற்சி செய்யும் ஆலையில் நடந்ததை வகுப்பில் வைத்துப் பேசலாம். வால்வு கசிந்து, குறைந்த கதிரியக்கக் கழிவு என்று நினைத்த தொட்டிக்குள் அதிகக் கதிரியக்கக் கழிவு வந்துவிட்டது. மாதிரி எடுக்கப் போனவர்கள் உட்பட ஆறு பேர் வரம்பு மீறிய டோஸ் வாங்கினார்கள். அந்த இடத்தில் எச்சரிக்கும் மானிட்டர் இல்லை. 'இங்கே ஆபத்து இருக்காது' என்று யார், எதை வைத்து முடிவு செய்தார்கள் என்ற கேள்வியை மாணவர்கள் ஒரு மணி நேரம் விவாதித்தால் பாடப்புத்தகத்தின் ஒரு அலகைவிட அதிகம் கற்பார்கள். கூடவே ஒரு லாக் புத்தகத்தைக் கொடுத்து, சர்வே அளவு எழுதாமல் விட்ட வரிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எல்லா வரியிலும் ஒரே அளவு, ஒரே கையெழுத்து, ஒரே பேனா மை என்றால் அதையும் சந்தேகிக்கக் கற்றுக்கொடுங்கள்.

கூலி வேலைக்கு வருபவர்களுக்கும் ஒரு கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் டோஸ் பேட்ஜ் அவர்களிடம் இருக்காது, கயிற்றின் பொருளும் தெரியாது. பிக்டெயிலின் போலி மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, இப்படி ஒன்று கிடந்தால் தொடாதே, எடுத்து யாரிடமும் காட்டாதே, விலகிப்போய் மற்றவர்களையும் தடுத்துக்கொண்டு பாதுகாப்பு அதிகாரிக்கு ஆள் அனுப்பு என்று தமிழில் சொல்ல வேண்டும். பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கும் இது பொருந்தும். டெல்லி மாயாபுரியில் 2010-இல் கோபால்ட்-60 போய்ச் சேர்ந்தது பழைய இரும்புச் சந்தைக்குத்தான், ஒருவர் இறந்தார்.

கதிர்வீச்சுப் புண் உடனே தெரியாது. முதலில் சிவக்கும், பிறகு கொப்புளம் வரும், சில நாளோ சில வாரமோ ஆகும். தீக்காயம், பூச்சிக்கடி என்று களிம்பு போட்டு அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். தளத்தில் வேலை செய்தவர் காரணம் தெரியாத புண்ணோடு ஊட்டியிலோ குன்னூரிலோ ஆஸ்பத்திரிக்குப் போனால், 'ரேடியோகிராஃபி நடந்த இடத்தில் இருந்தேன், இன்ன தேதி' என்று முதலில் சொல்ல வேண்டும். தேதி தெரிந்தால் டோஸைக் கணக்கிட முடியும்.